நினைவக அட்டை இறக்கம்

நினைவக அட்டை இறக்கம் என்பது வீடியோ கேமரா என்று பரவலாக அறியப்படும் நிகழ்படக் கருவியின் நினைவக அட்டையில் பதிவான கோப்புகளைக் கையடக்க வன்தட்டு போன்ற வேறொரு சேமிப்பகத்துக்கு நகலெடுத்து, நகலைச் சரிபார்த்து, அதன் பின்னர் அட்டையை மறுபயன்பாட்டுக்கு விடுவிக்கும் பணி ஆகும். திரைத்துறையிலும் தொலைக்காட்சித் துறையிலும் இது ஆஃப்லோடு என்ற ஆங்கிலச் சொல்லாலேயே பெரும்பாலும் குறிக்கப்படுகிறது. திரைப்படம், செய்தி, ஆவணப்படம், திருமணம், கள ஆய்வு என எந்தப் பதிவாக இருப்பினும் இப்பணி பொதுவாகப் படப்பிடிப்பு நடக்கும் இடத்திலேயோ அன்றைய நாள் முடிவதற்குள்ளோ செய்யப்படுகிறது.

அட்டை அழிக்கப்படும் நொடி முதல் வன்தட்டில் உள்ள நகலே மூலப் பதிவாகிவிடுகிறது. அந்த நகல் பழுதுற்றதாக இருந்தால் எடுத்த காட்சியை மீண்டும் பெற இயலாது. எனவே நகலெடுத்தலும் பாதுகாத்தலும் ஒன்றல்ல. சரிபார்க்கப்பட்ட நகல்கள் குறைந்தது இரண்டு, வெவ்வேறு சேமிப்பகங்களில் அமையும் வரை இப்பணி நிறைவு பெறவில்லை என்றே கொள்ளப்படுகிறது.

தேவை

1995இல் அறிமுகமான டிவி வகை எண்ணிம ஒளிநாடாக்களில் இத்தகைய பணிக்குத் தேவை எழவில்லை. 60 நிமிடம் ஓடும் ஒரு மினிடிவி நாடா ஏறத்தாழ 13 கிகாபைட்டு அளவுள்ள தரவைக் கொண்டிருந்தது. நாடா மலிவானது, பதிவு முடிந்ததும் அதன் பூட்டை நகர்த்தி, பெயரெழுதி, அலமாரியில் வைத்துவிடலாம். தொகுப்புக்காகக் கணினிக்கு மாற்றிய பின்னரும் நாடா அப்படியே இருந்தது. அதாவது பதிவு ஊடகமே காப்பக ஊடகமாகவும் விளங்கியது.

நினைவக அட்டை இந்த நிலையை மாற்றியது. அட்டை விலை மிகுந்தது. ஆனால் பலமுறை அழித்து எழுதத்தக்கது. ஆகவே ஒவ்வொரு பதிவுக்கும் புதிய அட்டை வாங்குவதற்கு மாறாக, உள்ளடக்கத்தை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு அதே அட்டையை மீண்டும் பயன்படுத்தும் வழக்கம் ஏற்பட்டது. நாடாவில் தானாகவே கிடைத்த காப்பகம், அட்டையில் ஒருவர் கவனத்துடன் செய்ய வேண்டிய தனிப்பணியாயிற்று.

தொடக்ககால அட்டைகளின் சிறிய கொள்ளளவும் இதற்கு ஒரு காரணம். பானசோனிக் நிறுவனத்தின் பி2 அட்டையில் டிவிசிப்ரோ எச்டி முறையில் ஒரு நிமிடப் பதிவுக்கு ஏறத்தாழ 1 கிகாபைட்டு தேவைப்பட்டது. 4 கிகாபைட்டு அட்டை நான்கு நிமிடங்களில் நிரம்பிவிடும். இரண்டு அட்டைகள் மட்டும் வைத்திருந்தவர் எட்டு நிமிடங்களுக்கு ஒருமுறை அட்டையைக் காலி செய்ய வேண்டியிருந்தது.

வரலாறு

எஸ்டி அட்டை 1999இல் பானசோனிக், சான்டிஸ்க், தோசிபா ஆகிய மூன்று நிறுவனங்களால் அறிவிக்கப்பட்டது. தொழில்முறை நிகழ்படத் துறையில் பி2 அட்டையை பானசோனிக் 2004இல் அறிமுகப்படுத்தியது. மடிக்கணினிகளின் பிசி அட்டைத் துளையில் பொருந்தும் வடிவில், உள்ளே நான்கு எஸ்டி அட்டைகளுக்கு நிகரான நினைவகச் சில்லுகள் இணைந்து இயங்குமாறு இது அமைக்கப்பட்டது. 2005இன் இறுதியில் வெளிவந்த எச்விஎக்ஸ்200 நிகழ்படக் கருவி, சிறு தயாரிப்பாளர்களிடமும் இம்முறையைக் கொண்டு சேர்த்தது. இதனுடன் பயன்படுத்தவென 60 கிகாபைட்டு வன்தட்டும் மின்கலமும் பி2 அட்டைத் துளையும் கொண்ட பி2 ஸ்டோர் என்னும் கருவியும் விற்கப்பட்டது. கணினி இன்றியே களத்தில் அட்டையை நகலெடுக்க இது உதவியது.

2006இல் சோனியும் பானசோனிக்கும் இணைந்து ஏவிசிஎச்டி என்னும் பதிவு முறையை அறிவித்தன. அதே ஆண்டில் 32 கிகாபைட்டு வரை கொள்ளும் எஸ்டிஎச்சி வரையறை வெளியானது. இவை இரண்டும் வீட்டுப் பயன்பாட்டு நிகழ்படக் கருவிகளையும் நாடாவிலிருந்து அட்டைக்கு நகர்த்தின. 2007இல் சோனியும் சான்டிஸ்க்கும் எஸ்எக்ஸ்எஸ் அட்டையை அறிமுகப்படுத்தின. அவ்வாண்டே அதைப் பயன்படுத்தும் பிஎம்டபிள்யூ-இஎக்ஸ்1 வெளிவந்தது. ரெட் ஒன் திரைப்படக் கருவியும் 2007இல் வந்து, காம்பாக்ட் பிளாஷ் அட்டைகளிலும் வன்தட்டுகளிலும் பதிவு செய்தது. 2009இல் எஸ்டிஎக்ஸ்சி வரையறையும் 2018இல் எஸ்டியூசி வரையறையும் அட்டைகளின் கொள்ளளவு எல்லையை முறையே 2 டெராபைட்டு, 128 டெராபைட்டு என உயர்த்தின.

இக்காலத்தில் படப்பிடிப்புக் குழுவில் புதிய பொறுப்பு ஒன்றும் உருவானது. அட்டைகளைப் பெற்று, நகலெடுத்து, சரிபார்த்து, கணக்கு வைப்பவர் தரவுப் பொறுப்பாளர் எனலாம். பெரிய தயாரிப்புகளில் இப்பணி டிஐடி எனப்படும் எண்ணிமப் படிமத் தொழில்நுட்பரின் மேற்பார்வையில் நடைபெறுகிறது.

பயன்படும் கருவிகள்

மடிக்கணினியும் கையடக்க வன்தட்டும்: இதுவே மிகப் பரவலான முறை. அட்டைப் படிப்பி (கார்டு ரீடர்) வழியாக அட்டையும், யுஎஸ்பி அல்லது தண்டர்போல்ட் வழியாக வன்தட்டும் கணினியுடன் இணைக்கப்படுகின்றன. 2000களில் ஃபயர்வயர் இணைப்பும் பெருமளவில் பயன்பட்டது. கோப்புகளைத் திறந்து பார்க்கவும், சரிபார்ப்பு மென்பொருளை இயக்கவும், ஒரே நேரத்தில் இரண்டு வன்தட்டுகளில் எழுதவும் இயல்வது இம்முறையின் சிறப்பு.

தனித்தியங்கும் சேமிப்பகம்: அட்டைத் துளை, மின்கலம், வன்தட்டு அல்லது திண்மநிலை நினைவகம் ஆகிய மூன்றையும் ஒரே பெட்டியில் கொண்ட கருவி இது. அட்டையைச் செருகிப் பொத்தானை அழுத்தினால் நகலெடுப்புத் தொடங்கும். ஒளிப்படக் கலைஞர்களுக்கான எப்சன் பி-2000 (2004), எஸ்டி துளை கொண்ட வெஸ்டர்ன் டிஜிட்டல் மை பாஸ்போர்ட் வயர்லெஸ் (2014), லாசி நிறுவனமும் டிஜேஐ நிறுவனமும் இணைந்து அறிவித்த கோபைலட் (2018) ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. மின்வசதியற்ற இடங்களில் இவை பயன்மிக்கவை. எனினும் ஒரு கருவியில் ஒரே நகல்தான் அமையும் என்பதும், சில கருவிகள் நகலைச் சரிபார்ப்பதில்லை என்பதும் கவனிக்கத்தக்கவை.

கருவியிலிருந்து நேரடி நகல்: 2010ஐ ஒட்டி வெளியான சில வீட்டுப் பயன்பாட்டு நிகழ்படக் கருவிகள், தகுந்த வடம் இருந்தால் யுஎஸ்பி வன்தட்டுக்குத் தாமாகவே கோப்புகளை எழுதவல்லவை. இங்கு வன்தட்டுக்குத் தேவையான மின்னாற்றலை யார் வழங்குவது என்பது ஒரு சிக்கல். யுஎஸ்பி 2.0 இணைப்பு 500 மில்லி ஆம்பியரும், யுஎஸ்பி 3.0 இணைப்பு 900 மில்லி ஆம்பியரும் வழங்குமாறு வரையறுக்கப்பட்டுள்ளன. சுழலத் தொடங்கும் வேளையில் 2.5 அங்குல வன்தட்டு இதைவிட மிகுதியாகக் கேட்கக்கூடும். அப்போது வன்தட்டு இயங்காது, அல்லது நகலெடுப்பின் நடுவே நின்றுவிடும்.

கைபேசியும் பலகைக் கணினியும்: ஆண்ட்ராய்டு கருவிகள் பலவும், 2019இல் வெளியான ஐஓஎஸ் 13 முதல் ஆப்பிள் கருவிகளும் வெளிப்புறச் சேமிப்பகத்தில் உள்ள கோப்புகளைக் கையாளவல்லவை. அவசரத்துக்கு இவை உதவும்.

வன்தட்டும் திண்மநிலை நினைவகமும்

கையடக்கச் சேமிப்பகங்கள் இருவகைப்படும். வன்தட்டில் (ஹார்டு டிஸ்க்) காந்தப் பூச்சுடைய தகடுகள் சுழல, அவற்றுக்கு மிக அருகில் எழுது-படிப்பு முனை நகர்கிறது. இயங்கும்போது தட்டினாலோ கீழே விழுந்தாலோ முனை தகட்டில் மோதி நிலையான சேதம் ஏற்படலாம். திண்மநிலை நினைவகத்தில் (எஸ்எஸ்டி) நகரும் உறுப்புகள் இல்லை. அதிர்வை நன்கு தாங்கும்; வேகமும் மிகுதி. ஆனால் ஒரு கிகாபைட்டுக்கான விலை வன்தட்டைவிட உயர்வு.

இதனால் களத்தில் திண்மநிலை நினைவகமும், அலுவலகத்தில் நெடுநாள் வைத்திருக்க வன்தட்டும் என இரண்டையும் கலந்து பயன்படுத்துவது வழக்கம். பல கையடக்க வன்தட்டுகள் 5 முதல் 35 பாகை செல்சியசு வரையிலான வெப்பநிலையில் இயங்கவே வடிவமைக்கப்பட்டவை. வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் வெப்பம் இந்த எல்லையை எளிதில் கடந்துவிடும்.

செயல்முறை

களத்தில் பின்பற்றப்படும் படிகள் குழுவுக்குக் குழு சற்று வேறுபடினும், அடிப்படை வரிசை பின்வருமாறு அமைகிறது.

1. பதிவு நின்றதை உறுதி செய்த பின்னரே அட்டை கழற்றப்படுகிறது. கருவி எழுதிக்கொண்டிருக்கும்போது கழற்றினால் கடைசிக் காட்சித் துண்டு மட்டுமன்றி அட்டையின் கோப்பு அட்டவணையும் பழுதாகலாம்.
2. அட்டையின் எழுத்துத் தடை விசை பூட்டப்படுகிறது. எஸ்டி, பி2, எஸ்எக்ஸ்எஸ் அட்டைகளில் இவ்விசை உண்டு. மைக்ரோ எஸ்டி அட்டையில் இல்லை. எஸ்டி அட்டையில் இவ்விசை மின்சுற்றைத் தடுப்பதில்லை. விசையின் நிலையைப் படிப்பி மதித்து நடப்பதாலேயே பாதுகாப்புக் கிட்டுகிறது.
3. நிரம்பிய அட்டையும் காலி அட்டையும் குழம்பாதிருக்க அடையாளம் இடப்படுகிறது. வண்ண ஒட்டுநாடா, தனித்தனிப் பைகள், எண்ணிட்ட பெட்டி ஆகியவை பயன்படுகின்றன.
4. வன்தட்டில் நாள், கருவி, அட்டை எண் ஆகியவற்றைக் கொண்ட புதிய கோப்புறை உருவாக்கப்படுகிறது. ஆண்டு முதலிலும் நாள் இறுதியிலும் வருமாறு பெயரிட்டால் கோப்புறைகள் கால வரிசையில் தாமாகவே அடுக்கப்படும்.
5. அட்டையின் முழு உள்ளடக்கமும் இரண்டு வன்தட்டுகளுக்கு நகலெடுக்கப்படுகிறது. முதல் வன்தட்டிலிருந்து இரண்டாவதுக்கு எடுப்பதைவிட, அட்டையிலிருந்தே இரண்டுக்கும் எடுப்பது நன்று. இல்லையேல் முதல் நகலின் பிழை இரண்டாவதற்கும் செல்லும்.
6. நகல்கள் மென்பொருளால் சரிபார்க்கப்படுகின்றன. பின்னர் சில காட்சித் துண்டுகள் திறந்து பார்க்கப்படுகின்றன.
7. வன்தட்டுகள் முறைப்படி கணினியிலிருந்து விடுவிக்கப்பட்டு, வெவ்வேறு இடங்களில் வைக்கப்படுகின்றன.
8. இவை அனைத்தும் முடிந்த பின்னரே அட்டை ஒளிப்பதிவாளரிடம் திருப்பித் தரப்படுகிறது. அட்டையை ஃபார்மட் செய்வது கணினியில் அன்று, கருவியிலேயே செய்யப்படுகிறது. கருவி எதிர்பார்க்கும் கோப்பு முறைமையும் கோப்புறைகளும் அப்போதுதான் சரியாக அமையும்.

கோப்புகளை நகர்த்தும் கட்டளை இப்பணியில் தவிர்க்கப்படுகிறது. நகர்த்தும்போது ஒவ்வொரு கோப்பும் எழுதப்பட்டவுடன் மூலத்திலிருந்து நீக்கப்படுவதால், பின்னர் பிழை தெரியவந்தாலும் ஒப்பிடுவதற்கு மூலம் இராது.

கோப்புறைக் கட்டமைப்பு

புதியவர்கள் செய்யும் பொதுவான தவறு, அட்டையில் நிகழ்படக் கோப்புகளை மட்டும் தேடி எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவதாகும். பல பதிவு முறைகளில் ஒரு காட்சி என்பது ஒரே கோப்பு அன்று.

பி2 அட்டையில் கன்டென்ட்ஸ் என்னும் கோப்புறைக்குள் காட்சி, ஒலி, சிறுபடம், விளக்கத் தரவு ஆகியவை தனித்தனி உட்கோப்புறைகளில் உள்ளன. காட்சி ஓரிடத்திலும் ஒலி வேறிடத்திலும் இருப்பதால், காட்சிக் கோப்பை மட்டும் எடுத்தவருக்கு ஒலியற்ற படமே எஞ்சும். எக்ஸ்டிகேம் இஎக்ஸ் முறையில் பிபிஏவி என்னும் கோப்புறையும், ஏவிசிஎச்டி முறையில் பிடிஎம்வி என்னும் கோப்புறையும் இவ்வாறே முழுமையாக நகலெடுக்கப்பட வேண்டும்.

நீண்ட பதிவுகளைக் கருவிகள் பல கோப்புகளாகப் பிரித்து எழுதுவதும் உண்டு. இரண்டு அட்டைகளில் தொடரும் பதிவும் அவ்வாறானதே. இவற்றை இடைவெளியின்றி மீண்டும் இணைப்பதற்கான குறிப்புகள் அந்தத் துணைக் கோப்புகளிலேயே உள்ளன. எனவே அளவில் சிறியதாகவோ வெறுமையாகவோ தோன்றினாலும் எந்தக் கோப்பையும் நீக்காமல், பெயர் மாற்றாமல், அட்டையை முழுமையாக நகலெடுப்பதே விதியாகக் கொள்ளப்படுகிறது.

கோப்பு முறைமை

கையடக்க வன்தட்டு எந்தக் கோப்பு முறைமையில் அமைக்கப்பட்டுள்ளது என்பதும் இப்பணியைப் பாதிக்கிறது.

ஃபேட்32 ஏறக்குறைய எல்லாக் கருவிகளாலும் படிக்கப்படுவது. ஆனால் ஒரு கோப்பின் அளவு 4 கிகாபைட்டைத் தாண்ட முடியாது. வன்தட்டில் போதிய இடம் இருந்தும் பெரிய கோப்பு ஒன்று மட்டும் நகலாக மறுத்தால், இதுவே பெரும்பாலும் காரணமாகும்.

எக்ஸ்ஃபேட் முறைமையை மைக்ரோசாஃப்ட் 2006இல் அறிமுகப்படுத்தியது. 4 கிகாபைட்டு எல்லை இதில் இல்லை. எஸ்டிஎக்ஸ்சி அட்டைகளின் கோப்பு முறைமை இதுவே. விண்டோசு, மாக் இரண்டிலும் எழுதலாம். 2019இல் வெளியான 5.4 பதிப்பு முதல் லினக்சு கருவிலும் இடம்பெற்றுள்ளது. எனினும் மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் பதிவேடு இதில் இல்லாததால், எழுதும்போது வடம் கழன்றால் சேதத்துக்கு வாய்ப்பு மிகுதி.

என்டிஎஃப்எஸ் விண்டோசின் முறைமை. இதில் பதிவேடு உண்டு. மாக் கணினி இதைப் படிக்கும். கூடுதல் மென்பொருள் இன்றி எழுதாது. ஆப்பிளின் ஏபிஎஃப்எஸ் முறைமையை விண்டோசு தானாகப் படிப்பதில்லை. ஆகவே படம் பிடிப்பவரும் தொகுப்பவரும் வெவ்வேறு இயங்குதளங்களைப் பயன்படுத்தினால், படப்பிடிப்புக்கு முன்பே வன்தட்டின் முறைமையை முடிவு செய்துகொள்வது தேவையாகிறது.

கொள்ளளவும் வேகமும்

எத்தனை வன்தட்டுகள் தேவை, நகலெடுக்க எவ்வளவு நேரமாகும் என்பவற்றை எளிய கணக்கினால் அறியலாம். நொடிக்கு இத்தனை மெகாபிட்டு என்று தரப்படும் பதிவு வீதத்தை 8ஆல் வகுத்தால் நொடிக்கான மெகாபைட்டு கிடைக்கும். அதை 3600ஆல் பெருக்கினால் ஒரு மணி நேரப் பதிவின் அளவு தெரியும்.

| பதிவு முறை | வீதம் (நொடிக்கு மெகாபிட்டு) | 1 மணி நேரப் பதிவு (கிகாபைட்டு) | நொடிக்கு 30 மெகாபைட்டு வேகத்தில் நகலெடுக்க | நொடிக்கு 100 மெகாபைட்டு வேகத்தில் நகலெடுக்க |
|---|---|---|---|---|
| ஏவிசிஎச்டி | 24 | 10.8 | 6 நிமிடம் | 2 நிமிடம் |
| எக்ஸ்டிகேம் இஎக்ஸ் | 35 | 15.8 | 9 நிமிடம் | 3 நிமிடம் |
| 4கே, சுருக்கம் மிகுந்தது | 100 | 45 | 25 நிமிடம் | 8 நிமிடம் |
| 4கே, சுருக்கம் குறைந்தது | 400 | 180 | 100 நிமிடம் | 30 நிமிடம் |
| புரோரெஸ் 422 எச்கியூ, 4கே, நொடிக்கு 24 சட்டம் | 707 | 318 | 177 நிமிடம் | 53 நிமிடம் |

அட்டவணையின் எண்கள் அண்ணளவானவை. யுஎஸ்பி 2.0 இணைப்பின் வரையறுக்கப்பட்ட வேகம் நொடிக்கு 480 மெகாபிட்டு, அதாவது 60 மெகாபைட்டு. ஆயினும் நடைமுறையில் ஏறத்தாழ 30 மெகாபைட்டே கிடைக்கிறது. அந்த வேகத்தில் 400 மெகாபிட்டுப் பதிவை நகலெடுக்க, படம் பிடித்த நேரத்தைவிட மிகுதியான நேரம் தேவைப்படும் என்பதை அட்டவணையில் காணலாம். சரிபார்ப்புக்காக மீண்டும் படிக்கும் நேரத்தையும் சேர்த்தால் மொத்த நேரம் ஏறக்குறைய இருமடங்காகும்.

அட்டை, படிப்பி, வடம், கணினியின் துளை, வன்தட்டு ஆகிய ஐந்தில் மிக மெதுவானது எதுவோ அதுவே முழுச் சங்கிலியின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. விரைவான எஸ்எஸ்டி வாங்கிய பின்னரும் நகலெடுப்பு விரைவுறவில்லை எனில், பழைய படிப்பியோ யுஎஸ்பி 2.0 வடமோ காரணமாக இருக்கலாம். எஸ்டி அட்டைகளில் யுஎச்எஸ்-1 இணைப்பின் உச்ச வேகம் நொடிக்கு 104 மெகாபைட்டு. யுஎச்எஸ்-2 இணைப்பின் உச்ச வேகம் 312 மெகாபைட்டு. யுஎச்எஸ்-2 அட்டையைப் பழைய படிப்பியில் செருகினால் அது பழைய வேகத்திலேயே இயங்கும்.

வன்தட்டு நிறுவனங்கள் 1 டெராபைட்டு என்பதை 10இன் அடுக்குகளில் கணக்கிடுகின்றன. விண்டோசு 2இன் அடுக்குகளில் காட்டுகிறது. எனவே 1 டெராபைட்டு வன்தட்டு அதில் ஏறத்தாழ 931 கிகாபைட்டு எனத் தோன்றும். இது குறைபாடு அன்று. எனினும் இடத்தைக் கணக்கிடும்போது இவ்வேறுபாடு மனத்திற் கொள்ளத்தக்கது.

சரிபார்த்தல்

கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் மூலத்திலும் நகலிலும் ஒன்றாக இருந்தால் நகல் சரி என்று பலர் கருதுகின்றனர். அளவு ஒன்றாக இருந்தும் உள்ளே சில பிட்டுகள் மாறியிருக்கலாம் என்பதால் இது போதுமானதன்று. இதற்கெனச் சரிபார்ப்புத் தொகை என்னும் முறை பயன்படுகிறது. கோப்பின் எல்லா பைட்டுகளையும் ஒரு கணிதச் சார்பின் வழியே செலுத்தி ஒரு குறுகிய எண் பெறப்படுகிறது. கோப்பில் ஒரு பிட்டு மாறினாலும் இவ்வெண் மாறிவிடும். மூலத்தின் எண்ணும் நகலின் எண்ணும் ஒத்திருந்தால் இரண்டும் ஒன்றே எனக் கொள்ளலாம்.

ரொனால்டு ரிவெஸ்ட் 1991இல் வடிவமைத்த எம்டி5 இப்பணிக்குப் பெருமளவில் பயன்படுகிறது. இது 128 பிட்டு நீளமுடையது. பதினாறடிமான முறையில் 32 குறிகளாக எழுதப்படும். ஒரே எண்ணைத் தரும் இரு வேறு கோப்புகளை வேண்டுமென்றே உருவாக்க முடியும் என்று 2004இல் காட்டப்பட்டதால், பாதுகாப்புத் துறையில் எம்டி5 இப்போது ஏற்கப்படுவதில்லை. தற்செயலாக நேரும் நகலெடுப்புப் பிழைகளைக் கண்டறிய இது போதுமானது. யான் கோலே 2012இல் வெளியிட்ட எக்ஸ்எக்ஸ்ஹாஷ் இதைவிடப் பன்மடங்கு விரைவானது.

ஷாட்புட் புரோ, சில்வர்ஸ்டாக், ஹெட்ஜ் ஆகிய மென்பொருள்கள் நகலெடுத்தலையும் சரிபார்த்தலையும் ஒருங்கே செய்கின்றன. டாவின்சி ரிசால்வ் தொகுப்பு மென்பொருளிலும் இதற்கான கருவி உள்ளது. கட்டற்ற மென்பொருளான ஆர்சிங்க், சரிபார்ப்புத் தொகை கொண்டு ஒப்பிடும் தெரிவையும் கொண்டுள்ளது. கணக்கிட்ட எண்களை எம்எச்எல் என்னும் பட்டியல் கோப்பாகச் சேமித்து வைத்தால், பல மாதங்கள் கழித்தும் நகல் மாறவில்லை என்பதை மீண்டும் உறுதி செய்யலாம்.

சரிபார்ப்புத் தொகைக்கும் எல்லை உண்டு. நகல் மூலத்தை ஒத்திருக்கிறது என்பதை மட்டுமே அது கூறும்; மூலம் சரியாக உள்ளது என்பதைக் கூறாது. ஒலிவாங்கி இணைக்கப்படாத பதிவையும், எழுதும்போதே பழுதான பதிவையும் அது பிழையின்றி நகலெடுத்துச் சரி என்றே அறிவிக்கும். மேலும், இப்போதுதான் எழுதிய கோப்பை இயங்குதளம் வன்தட்டிலிருந்து படிக்காமல் கணினியின் நினைவகத்திலிருந்தே படித்துக் காட்டக்கூடும். எனவே வன்தட்டைக் கழற்றி மீண்டும் இணைத்த பின் சில காட்சிகளைத் திறந்து பார்ப்பதும் கேட்பதும் இன்றியமையாதவை.

சோதிக்கப்படாத நகலின் ஆபத்துக்கு, அட்டைகளோடு தொடர்பற்றதாயினும், திரைத்துறையில் நன்கறியப்பட்ட சான்று ஒன்று உண்டு. 1998இல் பிக்சார் நிறுவனத்தில் டாய் ஸ்டோரி 2 திரைப்படத்தின் கோப்புகளில் பெரும்பகுதி ஒரு தவறான கட்டளையால் அழிந்தது. காப்பு நகல்களை நாடியபோது அவை சரியாக எழுதப்பட்டிருக்கவில்லை என்பது தெரியவந்தது. அப்படத்தில் பணியாற்றிய கேலின் சூஸ்மன் வீட்டிலிருந்து பணிபுரிவதற்காக வைத்திருந்த நகலே பணியைக் காப்பாற்றியது. படம் 1999இல் வெளியானது.

பொதுவான இடர்கள்

ஒரே நகல்: வன்தட்டுக்கு மாற்றிவிட்டோம் என்ற நிறைவில் அட்டையை அழித்துவிடுவதே பேரிழப்புகளுக்கு முதன்மைக் காரணம். அழித்த பின் வன்தட்டு ஒன்று மட்டுமே எஞ்சினால், பாதுகாப்பு முன்பு இருந்ததைவிடக் கூடவில்லை. அட்டைக்குப் பதில் வன்தட்டு, அவ்வளவே.

அவசரக் கழற்றல்: நகலெடுப்பு முடிந்ததாகத் திரை காட்டிய பின்னரும் தரவின் ஒரு பகுதி கணினியின் இடைநினைவகத்தில் காத்திருக்கலாம். விண்டோசு 10இன் 1809 பதிப்பில் (2018) வெளிப்புறச் சேமிப்பகங்களுக்கு விரைவுக் கழற்றல் இயல்புநிலையாக்கப்பட்டது. எனினும் முறைப்படி விடுவித்த பின் கழற்றுவதே நல்வழக்கம்.

ரெய்டு பற்றிய தவறான நம்பிக்கை: இரண்டு வன்தட்டுகள் கொண்ட பெட்டி ரெய்டு 0 முறையில் அமைந்திருந்தால் தரவு இரண்டிலும் பகிர்ந்து எழுதப்படும். ஒன்று பழுதானாலும் அனைத்தும் போய்விடும். ரெய்டு 1 முறையில் இரண்டிலும் ஒரே தரவு இருக்கும். ஆனால் பெட்டி திருடு போனாலோ கோப்பு தவறுதலாக நீக்கப்பட்டாலோ இரண்டும் ஒருங்கே இழக்கப்படும்.

ஒரே பை: இரண்டு நகல்களையும் ஒரே பையில் எடுத்துச் செல்வது, ஒரே விபத்துக்கு இரண்டையும் ஒப்படைப்பதாகும். பயணத்தில் இருவர் தனித்தனியே எடுத்துச் செல்வது விரும்பத்தக்கது.

அழிந்த கோப்புகளை மீட்டல்

தவறுதலாக அட்டை ஃபார்மட் செய்யப்பட்டால் உடனே பதிவை நிறுத்தி அட்டையைக் கழற்றிப் பூட்டிவிட வேண்டும். விரைவு ஃபார்மட் பெரும்பாலும் கோப்பு அட்டவணையை மட்டுமே புதுப்பிக்கிறது; காட்சித் தரவு அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை எஞ்சியிருக்கலாம். போட்டோரெக் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் கோப்புகளின் தொடக்கக் குறிகளைத் தேடி அவற்றை மீட்க முயல்கின்றன. தொடர்ச்சியாக எழுதப்பட்ட கோப்புகள் இவ்வாறு மீள வாய்ப்புண்டு. துண்டு துண்டாகச் சிதறிய நிகழ்படக் கோப்புகளை மீட்பது கடினம். சில கருவிகள் ஃபார்மட் செய்யும்போது தரவையும் சேர்த்தே அழித்துவிடுவதால் மீட்பை நம்பியிருத்தல் கூடாது. மீட்ட கோப்புகளை அதே அட்டையில் எழுதாமல் வேறு சேமிப்பகத்தில் எழுத வேண்டும்.

நீண்டகாலப் பாதுகாப்பு

மூன்று நகல்கள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறிடத்தில் என்னும் 3-2-1 விதியை ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரவலாக்கினார். களத்தில் எடுத்த இரண்டு நகல்கள் இவ்விதியின் தொடக்கமே; அலுவலகம் சேர்ந்ததும் மூன்றாவது நகல் எடுக்கப்படுகிறது.

கையடக்கச் சேமிப்பகம் நெடுங்காலக் காப்பகத்துக்கு உரியதன்று. பிளாஷ் நினைவகம் மின்னூட்டத்தைச் சிறைப்படுத்தித் தரவை வைத்திருக்கிறது. மின்னிணைப்பின்றி நெடுநாள் கிடந்தால் அம்மின்னூட்டம் மெல்லக் கசியும். எழுதும் ஆயுள் முடிந்த நிலையிலுள்ள நுகர்வோர் எஸ்எஸ்டி, 30 பாகை செல்சியசில் மின்னிணைப்பின்றி ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்பதே ஜெடெக் அமைப்பின் வரையறை. வன்தட்டும் ஆண்டுக்கணக்கில் இயக்கப்படாமல் இருந்தால் மீண்டும் இயங்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே அவ்வப்போது இணைத்து, சரிபார்ப்புத் தொகைகளை ஒப்பிட்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய வன்தட்டுக்கு மாற்றுவது வழக்கம்.

பெரிய நிறுவனங்கள் எல்டிஓ காந்த நாடாவைப் பயன்படுத்துகின்றன. 2000இல் அறிமுகமான இவ்வரிசையில் 2021இல் வந்த எல்டிஓ-9 நாடா 18 டெராபைட்டு கொள்ளும். நாடாவை விட்டு நீங்கிய நிகழ்படத் துறை, நெடுங்காலக் காப்புக்கு மீண்டும் நாடாவையே நாடுவது குறிப்பிடத்தக்கது.

நேரடிப் பதிவு

அட்டையைத் தவிர்த்து வெளிப்புறச் சேமிப்பகத்திலேயே பதிவு செய்யும் முறையும் பரவி வருகிறது. 2018இல் வெளிவந்த பிளாக்மேஜிக் பாக்கெட் சினிமா கேமரா 4கே, யுஎஸ்பி-சி வழியாக இணைத்த எஸ்எஸ்டியில் பதிவு செய்யவல்லது. 2023இல் வெளிவந்த ஐபோன் 15 புரோவும் புரோரெஸ் பதிவை அவ்வாறே எழுதவல்லது. இம்முறையில் அட்டையிலிருந்து இறக்கும் வேலை இல்லை; பதிவான வன்தட்டையே தொகுப்புக்குக் கொண்டு செல்லலாம். ஆனால் படம் பிடித்து முடித்த வேளையில் இருப்பது ஒரே நகல்தான். இறக்கும் படி குறைந்ததேயன்றி, இரண்டாம் நகலின் தேவை குறையவில்லை.

இவற்றையும் பார்க்க

* நினைவக அட்டை
* வன்தட்டு
* திண்மநிலை நினைவகம்
* கோப்பு முறைமை
* காப்பு நகல்
* எம்டி5
* ரெய்டு